ஸ்ரடி லீவ்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் உதயகுமாரி வேலையால் வந்து கதவைத் திறந்தபோது, அந்த நேரத்தில் வகுப்பில் இருந்திருக்க வேண்டிய அவளுடைய கணவர் குகநேசன் சாப்பாட்டு மேசையில் இருந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நோர்வேயின் மாகாணங்களை வடக்கிலிருந்து தெற்காகப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்.

"பின்மார்க், துரொம்ஸ், நூர்லாண்ட்..."

"என்னப்பா, இண்டைக்கு வகுப்பெல்லோ?"

குகநேசன் கண்ணைத் திறக்கவில்லை. "ஸ்ரடி லீவ்," என்றார்.

"ஆர் தந்தது?"

"ஸ்ரடி லீவ் ஆரும் தாறேல்லை. நாங்களா எடுக்கிறது."

உதயகுமாரி குளிர்ச்சட்டையைக் கொழுவினாள். "வகுப்புக்குப் போறதுதானே படிப்பு?"

"அது வேற, இது வேற. ஊரில சோதனை கிட்ட வரேக்கை ஆர் பள்ளிக்கூடம் போனது? மொக்கன்மார் போனவங்கள். படிக்கிறவன் வீட்டில நிண்டவன்."

"சோதனை இல்லையெண்டு ரீச்சர் முதல் நாளே சொன்னவ எல்லோ?"

அப்போதுதான் குகநேசன் கண்ணைத் திறந்தார். பதினேழு வருடம் கூட வாழ்ந்த பெண்ணுக்கு உலகம் தெரியாதே என்ற இரக்கம் அந்தப் பார்வையில் இருந்தது.

"உதயா, சோதனை இல்லாமல் உலகத்தில ஆர் என்னத்தைக் குடுத்தவை?"

உதயகுமாரியிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது. அவளும் பிள்ளைகள் இரண்டு பேரும் நாலு வருடத்துக்கு முன் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்து நோர்வேயின் சிவப்புப் பாஸ்போட் எடுத்தவர்கள். அன்றைக்குக் குகநேசனுக்கு மத்தியான வேலை. "பிறகு பாப்பம்," என்றார். பிறகு, பிறகு என்று இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு செப்டெம்பர் வந்தது. சட்டம் மாறியது. இனிமேல் பிரசாவுரிமை கேட்கிறவர் ஐம்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர் என்றால் முந்நூறு மணித்தியாலம் படித்துக் காட்டவேண்டும். அதில் ஐம்பது மணித்தியாலம் நாட்டைப் பற்றியது. அதை அவரவருக்கு விளங்குகிற மொழியிலேயே படிக்கலாம்.

மொழிக்கான மணித்தியாலங்களைக் குகநேசன் வடக்கே ஹம்மர்பெஸ்ட் துறைமுகத்தில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்திலேயே முடித்திருந்தார். பகல் முழுக்க மீன் வெட்டிவிட்டு வந்து, வகுப்பில் பெரும்பாலும் நித்திரை கொண்டார். ஆனால் வகுப்புக்கு உள்ளே நித்திரை கொண்டதால் வரவு ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. இதிலிருந்து ஒரு மனிதர் ஏதாவது கற்றுக்கொண்டிருக்கலாம். குகநேசன் கற்றுக்கொள்ளவில்லை.

மிச்சம் இந்த ஐம்பதுதான். தமிழில் இந்த வகுப்பு நினைத்த நேரமெல்லாம் நடப்பதில்லை, ஆள் சேர்ந்தால்தான் நடக்கும். தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று ஆருக்கும் தெரியாது. அவரால் காத்திருக்கவும் முடியாது. ரொறொன்ரோவில் இருக்கும் அக்கா மங்களேஸ்வரியின் மகள் வினோஜாவுக்கு வருகிற ஆவணியில் கலியாணம். குகநேசன் பெண்ணுக்கு ஒரே தாய்மாமன். அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவர் கனடாவுக்கு இரண்டு தரம் விசா கேட்டிருந்தார். கனடா இரண்டு தரமும் மிக மரியாதையாக மறுத்திருந்தது. சிவப்புப் பாஸ்போட் இருந்தால் கேட்கவே தேவையில்லை, ஏறிப் போகலாம்.

"நீ வராட்டித் தாய்மாமன்ர இடத்தில ஆரை விடுறது?" என்று அக்கா தொலைபேசியில் அழுதிருந்தார். "சித்தப்பான்ர மகன் தான் நிக்கிறனெண்டு சொல்லுறான்."

சித்தப்பாவின் மகன் மொன்றியலில் காப்புறுதி விற்கிறவன். குகநேசனுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

இப்படித்தான் அவர் சிவநாயகி ரீச்சரின் முதல் வகுப்பில் முன்வரிசை வாங்கில் போய் இருந்தார். ரீச்சர் ஊரிலும் சமூகக்கல்வி படிப்பித்தவர். ஒஸ்லோவிலும் அதையே படிப்பித்தார், நாடு மட்டும்தான் வேறு. அவர் பாடத்திட்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள் குகநேசனின் கை உயர்ந்தது.

"சோதனை எப்ப ரீச்சர்?"

"சோதனை ஒண்டும் இல்லை. நீங்கள் வந்து இருந்தாக் காணும்."

வகுப்பு மரியாதையாகச் சிரித்தது. ஒருவரும் நம்பவில்லை.

மற்றவர்கள் நம்பாதது பழக்கத்தால். குகநேசன் நம்பாததற்குக் காரணம் இருந்தது. உயர்தரப் பரீட்சையை மூன்று தரம் எழுதி, மூன்றாம் தரம் நாலு மார்க்ஸால் பல்கலைக்கழகத்தைத் தவறவிட்டவர் அவர். அந்த நாலு மார்க்ஸ்தான் தன்னைக் கொண்டுபோய் ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்ட விட்டது என்பது அவருடைய முடிவு. சண்டைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் சண்டையை அவர் எப்போதோ மன்னித்துவிட்டார். நாலு மார்க்ஸை மன்னிக்கவில்லை.

ஆகவே ரீச்சர் எதையோ மறைக்கிறார். ஊரில் வகுப்பில் அரைவாசியைச் சொல்லி, மிச்சத்தைப் பின்னேர ரியூசனுக்கு வைத்திருந்த வாத்திமார் எத்தனை பேர்! குகநேசன் ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ரீச்சர், பிரத்தியேகமா எடுப்பியளோ?"

"என்னத்தை?"

"வகுப்பில சொல்லாததுகளை."

"வகுப்பில சொல்லாதது ஒண்டும் என்னட்டை இல்லைத் தம்பி."

"விளங்குது ரீச்சர். இதுகளைப் போனில கதைக்கேலாது."

"தம்பி, நீங்கள் வகுப்புக்கு வாங்கோ. அது காணும்."

தொலைபேசியை வைத்துவிட்டு, பிரத்தியேக வகுப்புக்கு ரீச்சர் வேறு ஆரையோ பிடித்துவிட்டார் என்று குகநேசன் தீர்மானித்தார். அடுத்ததாக, போன வருடம் இதே வகுப்பை முடித்துப் பிரசையாகிவிட்ட வின்சென்றைத் தேடிப் போனார். வின்சென்ற் மன்னார்க்காரன், தபால் தரம் பிரிக்கும் இடத்தில் வேலை.

"மச்சான், பாஸ்ட் பேப்பர் ஏதும் வச்சிருக்கிறியோ?"

"என்ன பேப்பரடா? நான் பின்வாங்கில இருந்து தேத்தண்ணி குடிச்சனான். கடைசி நாள் கையில ஒரு சேர்டிபிக்கற்றைத் தந்துவிட்டவ. அவ்வளவுதான்."

"படிக்கேல்லையோ?"

"அம்மாவாணை, ஒரு சொல்லும் படிக்கேல்லை."

குகநேசனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊரில் நாலு ஏ எடுத்தவர்கள் அத்தனை பேரும் சோதனைக்கு முதல் நாள் இதே சொற்களை, இதே முகத்தோடு சொன்னவர்கள். வின்சென்ற் இரவு பகலாகப் படித்திருக்கிறான். சோதனை, தான் நினைத்ததை விடக் கடுமையானது.

அன்றைக்கு எடுத்ததுதான் ஸ்ரடி லீவ்.

இரண்டு கிழமை கழித்து, வகுப்பில் பக்கத்து வாங்கில் இருக்கும் மரியரஞ்சனி தொலைபேசி எடுத்தாள். சிறுபிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறவள், ஆருக்கும் சுகமில்லையென்றால் முதலில் விசாரிக்கிறவள்.

"அண்ணை, கண்டு கனநாள். சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறன். ஸ்ரடி லீவ்."

மறுமுனையில் குரல் இறங்கியது. "அப்ப... எப்பவெண்டு தெரிஞ்சிட்டுதோ அண்ணை?"

"தெரியாது," என்றார் குகநேசன். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் சொல்ல முதல் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டார்.

வியாழக்கிழமை பின்னேரம் மரியரஞ்சனி ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் இருந்த குகநேசனின் வீட்டு மணியை அடித்தாள். பின்னால் உணவகத்தில் கோப்பை கழுவுகிற ஜோன்சன் ஒரு புதுக் கொப்பியோடு நின்றான். அடுத்த செவ்வாய் இன்னும் மூன்று பேர். அதற்கடுத்த கிழமை, வகுப்பில் இருந்த வரிசை மாறாமல் எல்லோரும் அங்கே இருந்தார்கள். வேலையிடத்தில் சொல்லி எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்த பின்னேரங்கள் செவ்வாயும் வியாழனும்தான். ஆகவே வகுப்பு நடக்கிற அதே நேரத்தில், வகுப்பு நடக்கிற கட்டிடத்தைச் சுரங்க ரயிலில் கடந்து, மூன்று தரிப்பு தள்ளி வந்து, வகுப்பில் வரப்போகும் சோதனைக்குப் படித்தார்கள்.

உதயகுமாரியின் சோபா சுவரோடு ஒதுக்கப்பட்டது. குகநேசன் கேள்விகளை ஊகித்துத் தாளில் இறக்கினார்.

'நோர்வேஜியர் குழந்தைகளைக் குளிரில் வெளியே நித்திரையாக்குவர். காரணம் தருக.'

'ஒரேஞ் பழத்தை மலைக்குக் கொண்டுபோய் உண்ணும் பண்டிகை எது?'

'அயலவருடன் மின்தூக்கியில் அகப்பட்டால் கதைக்கக்கூடிய விடயம் ஒன்றும், கதைக்கக்கூடாத விடயங்கள் ஐந்தும் தருக.'

கடைசிக் கேள்விக்கு ஜோன்சன் ஒன்பது விடயம் எழுதினான். மேலதிக மார்க்ஸ் கேட்டுச் சண்டையும் பிடித்தான்.

"அஞ்சு கேட்டா அஞ்சு எழுது. ஒன்பது எழுதினா வாசிக்கிறவனுக்கு விசர் வரும்."

"அண்ணை, ஒண்டு கேக்கட்டோ? இஞ்சை ரெயினுக்குள்ள போக ஏன் ரிக்கெற் பாக்கிற வாசல் ஒண்டும் இல்லை?"

குகநேசன் மீசையைத் தடவினார். "சனங்கள் வாங்கியிருக்கும் எண்டு அரசாங்கம் நம்புது. நம்பிக்கை எண்டு எழுது. ரெண்டு மார்க்ஸ்."

"வாங்காட்டி?"

"அது பாடத்திட்டத்தில இல்லை."

பதினெட்டு வருடமாக இந்த நாட்டில் பார்த்தும் பாராமல் திரிந்ததெல்லாம் அந்த மேசையில் வந்து கேள்வியாக இருந்தது. பாராளுமன்றத்தில் எத்தனை ஆசனம், தகப்பனுக்குப் பிள்ளைப்பேற்று விடுமுறை எதற்கு, பிள்ளைக்கு அடித்தால் என்ன நடக்கும். குகநேசன் நூலகத்துக்குப் போனார், புத்தகங்களைக் காவி வந்தார். விளங்காததை விளங்கும் வரை வாசித்து, விளங்கியதை மற்றவருக்கு விளங்கும் வரை சொன்னார். இப்போது வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் உருளைக்கிழங்கு அவிக்கும்போது கூட அவர் வாய் முணுமுணுத்தது. ஒரு நாள் திருத்திக்கொண்டிருந்த தாளில் இருந்து தலையை நிமிர்த்தி, "உதயா, மரியரஞ்சனிக்கு எழுபத்திரண்டு. பிள்ளை முன்னுக்கு வந்திட்டுது," என்றார்.

அவருடைய முகத்தை உதயகுமாரி கொஞ்ச நேரம் பார்த்தாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் கண்டதில்லை. அவருக்குத் தேத்தண்ணி போடப் போனாள்.

டிசெம்பரின் முதல் வியாழன், முழுநீள மாதிரிப் பரீட்சை. வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். குகநேசன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாங்குகளுக்கு, அதாவது கதிரைகளுக்கு, இடையில் நடந்தார். மணி அடித்தது. உதயகுமாரி கதவைத் திறந்தாள். பனி கொட்டிய தொப்பியோடு சிவநாயகி ரீச்சர் நின்றார்.

"பிள்ளை, நான் ஒரு மாசமா வெறும் வாங்குகளுக்குப் படிப்பிக்கிறன். என்ர ஆக்கள் இஞ்சை வாறதாக் கேள்வி. உண்மையோ?"

உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேசையைச் சுற்றிக் குனிந்த தலைகள். முழங்கையால் விடையை மறைத்துக்கொண்டு எழுதும் பெரிய மனிதர்கள். ரீச்சர் கிட்டப் போய் ஜோன்சனின் தாளைக் குனிந்து பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார். ஆனால் அவருடைய கை தன்பாட்டில் கைப்பையைத் திறந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்தது.

"இதென்ன, அரசர் சட்டம் இயற்றுவார் எண்டு எழுதியிருக்கிறாய்? பிழை." கோடு கீறினார். அடுத்ததையும் வாசித்தார். அதற்கு ஒரு சரி போட்டார். அதற்குப் பிறகுதான் தான் ஏசுவதற்காக வந்தது நினைவுக்கு வந்தது.

"உங்களுக்கெல்லாம் என்ன விசரோ? சோதனை இல்லை, இல்லை, இல்லையெண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

குகநேசன் ஒரு அடி முன்னே வந்தார். "ரீச்சர், இப்ப எல்லாரும் ஒண்டாத்தானே நிக்கிறம். மறையாமல் சொல்லுங்கோ."

"என்ர பிள்ளையளாணை இல்லை!"

பிள்ளைகள் மேல் சத்தியம் வந்ததும் அறை முழுவதும் ஒரே நேரத்தில் நம்பியது. பேனாக்கள் ஒவ்வொன்றாக மேசையில் விழுந்தன.

"வரவுதான் கணக்கு," என்றார் ரீச்சர். "வாங்கில ஆள் இருந்ததோ, மணித்தியாலம் விழுந்ததோ, அவ்வளவுதான். இப்ப ஆளில்லாத வகுப்பை மூடச் சொல்லிப்போட்டினம்."

மரியரஞ்சனி அழத் தொடங்கினாள். ஜோன்சன் தன் தாளைப் பார்த்தான். "அப்ப இந்த எழுபது மார்க்ஸை நான் என்ன செய்யிறது?"

எல்லோருடைய கண்ணும் குகநேசனில் வந்து நின்றது. அவர் அந்தக் கண்களைப் பார்க்கவில்லை. வீட்டில் போன இந்தப் பின்னேரங்கள் சேராவிட்டால் ஐம்பது வராது. ஐம்பது வராவிட்டால், ஆவணியில் ரொறொன்ரோ மணவறையில் வினோஜாவுக்குப் பக்கத்தில் காப்புறுதிக்காரன் நிற்பான்.

"வகுப்புகளுக்குப் பொறுப்பான இங்கெர் நல்ல மனுசி," என்றார் ரீச்சர் கடைசியில். "நாளைக்கு எல்லாருமாப் போய் நடந்ததைச் சொல்லுவம்."

மறுநாள் குகநேசன் இரண்டு பெரிய பைகளோடு புறப்பட்டார். அதுவரை எழுதப்பட்ட அத்தனை விடைத்தாள்களும் அவற்றுக்குள் இருந்தன.

"என்னத்துக்கப்பா உவ்வளவும்?" என்றாள் உதயகுமாரி. "போய் நடந்ததைச் சொல்லுங்கோ. காணும்."

"அத்தாட்சி இல்லாமல் வாயாலை சொன்னா ஆர் நம்புவினம்?"

இங்கெர் அறுபது வயதை நெருங்கும் பெண். கம்பளிச் சட்டையோடு, கோப்பிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி, ரீச்சர் சொன்னதைக் கடைசி வரை கேட்டார். இடையில் ஒரு தரமும் சிரிக்கவில்லை. பிறகு நோர்வேஜிய மொழியில் எல்லோரையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த நாட்களில் நீங்கள் எல்லோரும் கூடிப் படித்தீர்களா?"

"ஓம்," என்று தமிழில் பதில் வந்தது. பிறகு அவசரமாக நோர்வேஜிய மொழியிலும் வந்தது.

"நல்லது," என்றார் இங்கெர். பேனாவை எடுத்து ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு எழுதினார். குகநேசனிடமும் கேட்டார், எழுதினார். "வெளியில் நடந்த பாடமாகப் பதிந்துவிடுகிறேன். மிச்சத்தை உங்கள் ரீச்சருடன் முடித்துக்கொள்ளுங்கள். வகுப்பை மூடவேண்டிய தேவை இல்லை."

அவ்வளவுதான். அவருடைய கோப்பி கூட இன்னும் ஆறவில்லை. மரியரஞ்சனி சிலுவை போட்டுக்கொண்டாள். ஜோன்சன் எழுந்து குளிர்ச்சட்டையைப் போட்டான். ரீச்சர் பெருமூச்சு விட்டுக் கதவைப் பார்த்தார்.

குகநேசன் எழும்பவில்லை. இரண்டு பையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"நீங்கள் இதுகளைப் பாக்கேல்லை," என்றார். அவருடைய நோர்வேஜிய மொழிக்கு வடக்குத் துறைமுகத்தின் மீன் வாசம் இன்னும் இருந்தது.

"தேவையில்லை," என்றார் இங்கெர். "நான் நம்புகிறேன்."

அந்தச் சொல் குகநேசனை எங்கோ குத்தியது. இந்தத் தாள்களுக்காக அவர் மாதக்கணக்கில் நித்திரை முழித்திருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பரீட்சைக்கு முழுதாக ஆயத்தமாகி வந்திருக்கிறார். இங்கெரோ விடைத்தாளைத் திறக்காமலே பாஸ் போடுகிறார்.

"எழும்பும் தம்பி," என்று ரீச்சர் மெல்லிய குரலில் சொல்லி அவருடைய கையைப் பிடித்து இழுத்தார்.

"பொறுங்கோ ரீச்சர். சும்மா வந்திருந்து கதை அளந்திட்டுப் போனம் எண்டு நாளைக்கு ஆரும் சொல்லக்கூடாது."

பைகள் இரண்டும் மேசையில் கவிழ்ந்தன. சிவப்பு மையில் சரியும் பிழையும், ஓரக்குறிப்பும், மொத்தப் புள்ளியும், 'இன்னும் முயல்க' என்பதும் மேசை நிரம்ப ஓடியது. இங்கெர் மரியாதைக்காக ஒரு தாளை எடுத்தார். பிறகு இன்னொன்றை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இந்தக் கேள்விகளை யார் தயாரித்தது?"

"நான்தான்," என்றார் குகநேசன்.

"இதையெல்லாம் திருத்தியது?"

"நான்தான்."

"பாடத்தை விளங்கப்படுத்தியது?"

"முழுக்க நான்தான்! வேண்டுமெண்டா இவையளைக் கேளுங்கோ."

இங்கெர் மற்றவர்களைப் பார்த்தார். "ஓம், ஓம், அண்ணைதான்," என்று எல்லோரும் நன்றியோடு தலையாட்டினார்கள். ரீச்சர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

"அருமையாகச் செய்திருக்கிறீர்கள்," என்றார் இங்கெர். எழுந்து வந்து குகநேசனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குகநேசன் கதிரையில் இருந்தபடியே இரண்டு அங்குலம் வளர்ந்தார். இந்த நாட்டில் ஒரு அரசாங்க அலுவலர் அவருடைய கையை அப்படிப் பிடித்ததில்லை.

இங்கெர் திரும்பிப் போய் இருந்து, பேனாவை எடுத்து, எழுதி வைத்த பெயர்களில் ஒன்றின் மேல் ஒரு நேரான கோட்டைக் கீறினார்.

"நல்ல வேளை சொன்னீர்கள், உங்களையும் தவறுதலாக மாணவர்களோடு சேர்த்துவிட்டேன். படிப்பித்தவருக்கு நாங்கள் வரவு போடுவதில்லை."